வலப்பக்கத்து வேகம்

மேனாம்பேட்டில் மனோகரனைப் பற்றி விசாரித்தால், “யாரு, அந்த ஏரோப்ளேன்காரரா?” என்பார்கள். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கூடிவரவில்லை, ஒரு வயதுக்கு மேல் ஏன் என்று கேட்பாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தன் கையால் செய்த குட்டி விமானத்தைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அந்தப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் கூட வேலை பார்த்த ஜேம்ஸ். மேலே பறப்பதைக் கீழேயிருந்து ஓட்ட ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டி வேண்டும். அதில் இரண்டு குச்சிகள் இருக்கும். மைதானத்தில் எல்லோருக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இடது குச்சியில். தனக்கும் மனோகரனுக்குமாக ஜேம்ஸ் வாங்கிவந்த இரண்டு பெட்டியிலும் அது வலது குச்சியில். அதிலே இருவருக்கும் ஒரு தலைக்கனம் வேறு. யாரோடும் ஒட்டாமல் ஓரமாக நின்று பறக்கவிடுவார்கள். ஒருவருக்குக் கை தடுமாறினால் பெட்டி மற்றவர் கைக்குப் போகும். மூன்றாவது ஆள் எதற்கு?

பிறகு ஜேம்ஸ் மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, இப்போது கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிறது. மனோகரன் வீம்புக்கு அதே ஓரத்தில் தனியாக நின்றார்.

போன மாதம் வெயில் கண்ணில் அடித்து, விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. பதறிப்போய் ஓடி, சற்றுத் தள்ளி நின்றவரிடம் பெட்டியை நீட்டினார். அவர் வாங்கிக் குச்சியைத் தொட்டதுமே, “ஐயோ அண்ணே, இது வேற மாரி கீதே!” என்று திருப்பிக் கொடுக்க, இரண்டு பேர் கைக்கும் நடுவில் பெட்டி கீழே விழுந்து உடைந்தது. விமானம் முள்ளுக்காட்டுக்குள் போய் விழுந்தது. அந்த ஆள் பாவம், தானும் கூட வந்து தேடினார். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் மனோகரனுக்கு அவர் பெயர் தெரியவில்லை. எத்தனை வருஷமாக ஒரே மைதானம்! அன்று வீட்டுக்கு வந்து மனோகரன் அழுதது விமானத்துக்காக இல்லை.

பழைய பெட்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுத் திருமுல்லைவாயிலில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனார். வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஸ்ரீகாந்த், மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தான். ஒன்றில் வேகம் வலதில், மற்றதில் இடதில்.

மனோகரன் பேட்டரி மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பார்த்தார். குச்சிகளை ஆட்டிப் பார்த்தார். வலது பெட்டியைப் பிடித்ததும் விரல்கள் தாமாகவே இடத்தில் போய் உட்கார்ந்தன.

“உங்க கையப் பாத்தாலே தெரியுது சார், இதையே எடுத்துக்கங்க,” என்றான் ஸ்ரீகாந்த்.

அதை அவர் சட்டை நுனியால் துடைத்து மேஜையில் வைத்தார். இடது பெட்டியை எடுத்தார். இதை வாங்கினால் நாளைக்கு ஜேம்ஸே வந்து நின்றாலும் கொடுக்க முடியாது.

“இத்தக் குடு தம்பி.”

“சார், மறுபடி முதல்லேர்ந்து கத்துக்கணும். பழைய பழக்கத்துல கை ஏமாத்தும். ரெண்டு மூணு ப்ளேனாவது ஒடையும்.”

“ஒடையட்டும். தடுமாறுனா இன்னொருத்தர் கைல குடுக்கலாம்ல?”

“யார் கைல சார்?” ஸ்ரீகாந்த் சும்மாதான் கேட்டான்.

மனோகரன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“அத்த இனிமேத்தான் பாக்கணும்,” என்றார்.