பெரிலின் சிவப்பு

தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நோலீன் கண்ணாடி முன் நிற்கிறாள். இரவு நெற்றியில் தடவிய களிம்பைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. துண்டால் ஒற்றியபடி தேடுகிறாள், இன்றாவது சிவந்திருக்கிறதா என்று. ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். வானொலியில் செய்தி வாசிக்கிறவரோடு பேசுவது அவள் வழக்கம். "அந்த பெரிலுக்குப் புண்ணு கூட அழகா வருதுய்யா," என்கிறாள் அவரிடம்.

குயின்ஸ்லாந்தில் கரும்பு விளையும் ஓர் ஊரில், நெடுஞ்சாலை ஓரம் ஆயுசெல்லாம் மாம்பழம் விற்றவள். தொப்பி போட்டால் கார்க்காரனுக்கு முகம் தெரியாது என்று வெறுந்தலையோடு நின்றவள். அந்த வெயில் இப்போது நெற்றியில் சொரசொரப்பாக எழுந்திருக்கிறது. விட்டால் புற்றாகலாம் என்றுதான் டாக்டர் களிம்பை எழுதித் தந்தார். உடம்பின் சொந்த எதிர்ப்புப் படையையே கெட்ட தோலின்மேல் ஏவிவிடுகிற மருந்து. புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற ஊர் மன்றத்தில் யார் முகமாவது சிவந்து பொருக்குக் கட்டினால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள். "களிம்பா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போடுவார்கள்.

பெரிலுக்கும் அப்படித்தான் நாற்காலி போட்டார்கள். பெரில், அந்த ஆட்டத்தில் நோலீனின் நெடுநாள் ஜோடி. அவள் கன்னம் வெந்த இறாலாய்ச் சிவந்தது. பொருக்கு உதிர்ந்ததும் உள்ளேயிருந்து பிள்ளைத் தோல் எட்டிப் பார்த்தது. நாற்காலியை இழுத்துப் போட்ட லெஸ், மனைவியை இழந்தவர், பெரிலுக்கு முப்பது வயசு குறைந்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நோலீனின் நெற்றியை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவள் நெஞ்சு களிம்பே இல்லாமல் எரிந்தது.

எவ்வளவு சிவப்போ அவ்வளவு குணம் என்பது மன்றத்தார் கணக்கு. வாரத்தில் மூன்று இரவு, மெல்லிய பூச்சு என்று டாக்டர் சொல்லியிருந்ததை நோலீன் அன்று முதல் தினமும் ஆக்கினாள். காலையிலும் தடவினாள். மேலே பிளாஸ்டர் ஒட்டினாள். மூடி ஒட்டக் கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. பெரிலின் முகமும் ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை நெற்றி நீர் வடிந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. காய்ச்சலில் பல் கிடுகிடுத்தது. மறுநாள் அவளும் பெரிலும் ஜோடியாக ஆடவேண்டிய இறுதி ஆட்டம். பெரில்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள்.

நர்ஸ் களிம்பைக் கழுவித் துடைத்தாள். தோல் ஆறும்வரை தொடக் கூடாது, திரும்ப எப்போது என்பதை டாக்டர்தான் சொல்வார், அதுவரை வெயில் கூடாது என்றாள். பிறகு மெதுவாக, "சிவப்பு ஆளுக்கு ஆள் மாறும்மா. பத்தலைன்னு தோணினா எங்களைக் கேளுங்க. நீங்களா அளவைக் கூட்டாதீங்க."

திரும்பும் வழியில் நோலீன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நாற்காலி உட்பட. பெரில் வண்டியை ஓரம் கட்டினாள்.

"அடிப் பைத்தியமே. அந்த எரிச்சல்ல தலையணைல கன்னம் வைக்க முடியாம அழுதேன்டி நான். டாக்டரே ஒரு வாரம் களிம்பை நிறுத்திட்டாரு."

"சொல்லவே இல்லியே நீ."

"சொல்லி, லெஸ் போட்ட நாற்காலியைக் கெடுத்துக்கவா?"

நோலீனுக்குச் சிரிப்பு வந்தது. நெற்றி இழுத்துப் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"நாளைக்கு யாரோட ஆடப்போற?"

"மார்ஜியோட. மன்றத்துல வேற யாரு இருக்கா?"



சனிக்கிழமை நோலீன் மன்றத்துக் கூடத்தின் உள்ளேயே இருந்தாள். வெளியே வெயிலில் பெரில் உருட்டிய கடைசிப் பந்து வளைந்து வளைந்து போய், இலக்காக வைத்த வெள்ளைக் குறிப்பந்தை உரசி நின்றது; ஆட்டம் அவர்களுக்கு. மார்ஜி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். நோலீன் ஜன்னலின் பட்டைகள் கோத்த திரையைச் சடக்கென்று மூடினாள். சற்றுப் பொறுத்து, இரண்டு விரலால் ஒரு பட்டையை விலக்கி, வீங்காத கண்ணை அந்த இடுக்கில் வைத்தாள்.