மொட்டைப்பூ

மாங்குளத்துக் குளத்தின் பின்னாலுள்ள காட்டில், மாரிகாலத்தின் முதல் மழைகள் விழுந்தபின், வீரை மரத்தடிச் சருகுக்குள்ளிருந்து அது எழும்பும். சாண் உயரத் தண்டு. பேருக்கு ஓர் இலை கிடையாது. நுனியில் மங்கிய வெள்ளையாய் நாலைந்து பூக்கள். அக்காவின் புருஷன், விறகு வண்டில்காரரான எங்கள் அத்தான்தான் அதற்கு மொட்டைப்பூ என்று பெயர் வைத்தார். "என்ர சொந்தக்காரன்" என்று தன் வழுக்கையைத் தடவிக் காட்டுவார். வீட்டில் நடவென்று அக்கா ஒன்றைக் கிளறப் போனபோது மட்டும் கடிந்துகொண்டார். "கிண்டாதையும். கிண்டின மண் ஆறக் கனகாலம் செல்லும். அதுவரைக்கும் இது வராது."

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசிப் பின்னேரம், மாடுகள் தாங்களாகவே வெறும் வண்டிலை இழுத்துக்கொண்டு வீடு வந்தன. றோட்டில் ஒரு ட்றக் அவரை ஏற்றிப் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். காட்டுப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டதாகவும் கதை வந்தது. ஏற்றியவர்கள் யாரென்று இன்றைக்கும் தெரியாது. போய்க் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

மழை விட்ட நாட்களில் நானும் அக்காவும் காட்டுக்குள் தேடினோம். தேடியது கிண்டிய மண்ணை. அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. மொட்டைப்பூ நின்ற இடத்திலெல்லாம் அக்காவின் முகம் தெளியும். "இஞ்ச இல்லை" என்பாள், அந்தப் பூவைக் கும்பிடாத குறையாக.

வீரை மரத்தடி, வருஷாவருஷம் அது கூட்டமாய்ப் பூக்கும் இடம். அன்றைக்கு ஒரு தண்டுகூட இல்லை. சருகை யாரோ அள்ளிப் பரப்பியது போலிருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். "மழை காணாது. அதுதான் வரேல்லை." குளம் நிரம்பி வான் பாய்கிற சத்தம் எங்களுக்கு நன்றாகவே கேட்டது. "ஓம் அக்கா" என்றேன். மண்ணைத் தொடாமல் திரும்பினோம்.

அதன்பின் எத்தனையோ மாரி. இடம்பெயர்ந்து அலைந்த காலம் தவிர, ஒவ்வொரு முறையும் போய்ப் பார்ப்பாள், மழை காணாதென்பாள். நெற்றிப் பொட்டைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறந்தால் எரிந்து விழுவாள்.

போன மாரியில் வீரை மரத்தடியில் ஒரு தண்டு நின்றது. "அக்கா, வந்திட்டுது!" என்று நான் மடைச்சி மாதிரிச் சந்தோஷப்பட்டேன். அக்கா மெல்லச் சருகில் குந்தி, பூவுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"மண் ஆறியிட்டுது" என்றாள். பிறகு சீலைத் தலைப்பை எடுத்துப் பொட்டைத் துடைத்தாள்.