சம்பந்தி குடித்த இஞ்சி சோடா

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓசூர் இஞ்சி சோடாவைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் துணிந்தேன்.

எங்கள் பக்கம் அவரைக்காய் காலம் வந்துவிட்டால் தினமும் ராகிக் களியும் அவரைக் குழம்பும்தான். அளவு மீறித் தின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கிற இடம் ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள சோடாக் கடை. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, அங்கே பேச்சே தேவையில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினால் போதும், இஞ்சி சோடா வரும். பச்சை இஞ்சிச் சாறு. அடியில் கொஞ்சம் நார் கிடக்கும். முதல் மடக்கிலேயே மூக்கு எரியும். வாய் திறக்கக் கூசுகிற எனக்கு அதைவிட நல்ல கடை கிடையாது.

அப்பா இல்லாத வீடு. தங்கையின் கல்யாணம் என் பொறுப்பு. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், "அண்ணங்காரனுக்குத் திமிரு, வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தை மாதம் மைசூர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது.

"இந்தத் தடவயாவது நாலு வார்த்த பேசுடா" என்றாள் அம்மா.

காலை பஸ்ஸில் ஓசூர் போய், எட்டு சோடாவை ஈரச் சாக்கில் சுற்றி எங்கள் ஊர் உத்தனப்பள்ளிக்குக் கொண்டுவந்தேன்.

வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பா பேசவே இல்லை. தங்கை வணங்கியபோது முகத்தைச் சுளித்தார். கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அவர் வேட்டிக் கட்டை மெதுவாகத் தளர்த்துவது கண்ணில் பட்டது. சோடாக் கடையில் எத்தனையோ முறை பார்த்த ஜாடை அது. உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து, அவர் வேட்டியில் ஒரு சொட்டும் தெறிக்காமல் கோலியை அழுத்தி நீட்டினேன்.

பாதி குடித்தார். கண்ணை மூடினார். பிறகு ஒரு ஏப்பம் விட்டார். வாசலில் படுத்திருந்த கன்றுக்குட்டி எழுந்து நின்றது.

"அப்பாடா! காலைல அவரக்கா கொழம்புல களி கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு" என்றார்.

"கொஞ்சமா? மூணு உருண்ட!" என்றாள் அவர் மனைவி. "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கு!"

அவர் காலி பாட்டிலை ஆட்டிக் காட்டி, "இன்னொந்து கொடப்பா" என்றார். இரண்டாவதையும் முடித்துவிட்டு, "ஏம்பா, நீ பேசவே மாட்டியா?" என்று கேட்டார்.

"அவன் கூச்சக்காரனுங்க" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா. நோவு என்னன்னு கேக்காமலே கண்டுபுடிச்சானே! எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. உனக்கு எங்களப் புடிச்சிருக்கா, சொல்லு."

"புடிச்சிருக்குங்க" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

பந்தி முடிந்ததும் ஆளுக்கொரு இஞ்சி சோடா தர வேண்டும் என்பது மட்டும்தான் கல்யாணத்துக்கு அவர் கேட்டது. இன்று தங்கை மகனை என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். அங்கேயும் சம்பந்திதான் முதல் சோடாவை உடைத்தார். வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, 9 மார்ச் 1969.