விரல் டீச்சர்

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனை எடுத்தால் போதும், டீச்சரின் கழுத்து தானாக நீண்டுவிடும். திரையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. விரலைத்தான் பார்ப்பார். எந்த விரல், எத்தனை முறை அமுக்கியது, எங்கே தயங்கி நின்றது. நேற்று ஒருவர் திரையைத் தொடும் முன்னால் ஒவ்வொரு தடவையும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாராம். அன்றைய சந்தோஷத்துக்கு அதுவே தாராளம்.

"என்னைக்காவது யார்கிட்டயாவது நல்லா வாங்கிக் கட்டிக்கப் போற" என்பார் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

"நீங்க ஊரார் கண்ணப் பாக்குறீங்க, நான் விரலப் பாக்குறேன். அதுல மட்டும் என்னவாம்?"

டீச்சரின் வகுப்பு நடப்பது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். மதியச் சாப்பாடு முடிந்ததும், மடித்து அடுக்கிய படுக்கைவிரிப்புகளுக்கு நடுவே அங்கே வேலை பார்க்கும் எட்டுப் பெண்கள் போனும் கையுமாக எழுத்துப் படிக்க உட்காருவார்கள். பாடத்தை டீச்சரே தயாரித்து எல்லார் போனிலும் ஏற்றியிருக்கிறார். போன் ஓர் எழுத்தைச் சொல்லும். திரையில் தெரியும் மூன்று எழுத்துகளில் அதைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் கைதட்டல். இல்லாவிட்டால், "தப்பு! மறுபடியும் செய்!" என்று டீச்சரின் குரலே அதட்டும்.

ஏழு பேர் பன்னிரண்டாம் பாடத்துக்குப் போய்விட்டார்கள். இஸ்திரி போடும் அக்கா மட்டும் மூன்று வாரமாக முதல் பாடத்தைத் தாண்டவில்லை.

"எனக்கு மண்டையில ஏறல டீச்சர். போனே சொல்லுதே. நாளையிலருந்து நான் வரல" என்று ஒரு நாள் எழுந்துவிட்டார்.

"போறதுன்னா போங்கக்கா. ஒரே ஒரு தடவ தொட்டுக் காட்டிட்டுப் போங்க."

டீச்சர் மேசையில் கன்னத்தைச் சாய்த்து, திரைக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டார். போன் 'க' என்றது. அக்காவின் விரல் தயங்காமல் 'க'வின் மேல் இறங்கியது. போனிடம் அசைவே இல்லை. மறுபடியும் தொட்டார். ஊகூம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "தப்பு! மறுபடியும் செய்!" என்றது.

டீச்சர் துள்ளி எழுந்து அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார். இருபது வருஷம் சூட்டில் புழங்கிய விரல். நுனி காய்த்து, வறண்டு, தோல்செருப்பு மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்க சரியாத்தான் தொடுறீங்க! இந்தப் போனுக்குத்தான் சொரணை இல்ல!"

கூடமே சிரித்தது.

"விரல மடக்கி, முட்டியால தொடுங்க."

கைதட்டல் கேட்டது. அக்கா மிரண்டுபோய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு விடவில்லை. வேலைமணி அடிப்பதற்குள் நாலு பாடம் முடிந்திருந்தது.

"அப்போ நான் மக்கு இல்லையா டீச்சர்?"

"நான்தான் மக்கு. மூணு வாரமா உங்க வாடின மூஞ்சியவே பாத்துட்டு இருந்துட்டேன்."

மணி அடித்தும் யாரும் நகரவில்லை. "ஒரு நிமிஷம், யாரும் மெஷினப் போட்டுடாதீங்க" என்றார் டீச்சர். பாடத்திலிருந்த அந்த அதட்டலை அழித்தார். போனை வாயருகே கொண்டுபோனார்.

"மன்னிச்சுக்குங்க, எனக்குத்தான் சரியாத் தெரியல. இன்னொரு தடவ தொடுங்க."

சொல்லி முடிக்கும்வரை அவருடைய மறு கை அக்காவின் விரல்களை விடவே இல்லை.