இரண்டாம் நம்பர் பார்க்கிங்

கிள்ளானில் ஒரு பொரித்த கோழிக் கடையில், காடியை விட்டு இறங்காமலே சாப்பாடு வாங்கிப் போகிறவர்களுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்பதுதான் என் வேலை. இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் இடம். வலப்பக்கம் குளிர்பான மெஷின், இடப்பக்கம் கல்லாப்பெட்டி, தலையில் ஹெட்செட். பின்னால் கதவு உண்டு. ஆனால் வேறு யாராவது வந்து ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொள்ளாமல் அந்தக் கதவைத் தாண்ட முடியாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

தலைக்கு மேலே ஒரு திரை. காடி ஒன்று வரிசைக்குள் நுழைந்ததும் அதில் நொடிகள் ஓடும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். சிவப்பு கூடிப்போன நாளில் மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது இளைய மலாய்ப் பெண். திட்ட மாட்டாள். “அக்கா, கொஞ்சம் சீக்கிரம்” என்று மலாயில் கெஞ்சுவாள். திட்டியிருந்தால் கோபப்பட்டு என்றைக்கோ வேலையை விட்டிருப்பேன்.

இந்த வேலைக்கு முன்னால் சுபாங் ஜெயாவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பெக்டரியில் சூப்பர்வைசராக இருந்தேன். அதை மூடி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாற்பது வயதுக்காரிக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை, இங்கேதான் கிடைத்தது. பந்திங்கில் இருந்த அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிய மனுஷன் அவர். “எம்மவளுக்குக் கீழ முப்பது பேரு வேலை செய்றாங்க” என்று காப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தவர். அடுத்த மாதம் சொல்லலாம், வேறு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் போய்விட்டது. வீட்டுக்குப் போகிற நாளில் தலைமுடியை இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசுவேன். எண்ணெய் வாடை அப்படியும் முழுசாகப் போகாது. “அந்த பெக்டரி கேன்டீன்ல என்னதான் பொரிக்கிறாங்களோ” என்று அம்மா ஒருமுறை கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒருநாள் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது அண்ணனிடமிருந்து இருபத்திரண்டு அழைப்புகள். காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு. கடைசியாக ஒரு குரல் செய்தி: “அப்பா போயிட்டாரு. எங்கதான் இருக்க நீ?”

உடை மாற்றத் தோன்றவில்லை. கடைப் பேர் போட்ட சிவப்புச் சட்டையும் தொப்பியுமாகவே ஒரு காடியைப் பிடித்துப் பந்திங்குக்கு ஓடினேன். தொப்பி தலையில் இருந்ததே வீட்டு வாசலில் இறங்கின பிறகுதான் தெரிந்தது. பந்தலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அப்பாவை எடுத்துப் போயிருந்தார்கள். மழை கட்டிக்கொண்டு வந்ததாம், ஐயர் இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றாராம். நானும் சுடுகாட்டுக்குப் போகிறேன் என்றேன், பெண்கள் விடவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அண்ணன், ஈர வேட்டியோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்பன் மூஞ்சியப் பாக்கக்கூட வராம, கோழி பொரிச்சிட்டு வந்து நிக்கிறியா?”

சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. கருமாதிக்குக்கூட அம்மா மூலமாகத்தான் தகவல் வந்தது.

மறைக்க வேண்டிய ஆள் போன பிறகாவது இந்த வேலையை விட்டிருக்கலாம். செராஸில் ஒரு கிடங்கு, இங்கேயே ஒரு கிளினிக் என்று எழுதிப் போட்டேன். பதிலே இல்லை. அந்த ஜன்னலிலேயே நின்றேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடையைச் சுற்றிக் காடிகள் வளைந்து நின்றன. ஹெட்செட்டில் அடுத்த ஆர்டர். வழக்கம்போல் மலாயில் வரவேற்பைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒருவர் தொண்டையைக் கனைத்துவிட்டு ஒன்பது துண்டுக் கோழி கேட்டார்.

அந்தக் கனைப்பு எங்கள் வீட்டுக் கனைப்பு. அப்பாவும் அப்படித்தான் கனைப்பார்.

ஆர்டரைத் திருப்பிச் சொன்னேன். யாரையாவது ஜன்னலுக்குக் கூப்பிடலாமென்று திரும்பிப் பார்த்தால், ஒருத்தி அடுப்பில், இரண்டு பேர் முன் கவுன்டரில், மேனேஜரே உருளைக்கிழங்கு அள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று காடிகள் போயின. நான்காவது வந்து நின்றது. கார்டை நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

“இங்கதான் இருக்கியா?” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணே.”

தாடி வைத்திருந்தார். நிறைய நரைத்திருந்தது. திரை மஞ்சளானது. கார்டைத் தேய்த்தேன். கோழி என் முழங்கைப் பக்கத்திலேயே பையில் தயாராக இருந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். பையைக் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார்.

“கோழி இன்னும் வேகலண்ணே. முன்னால ரெண்டாம் நம்பர் பார்க்கிங்ல நில்லுங்க, கொண்டுவந்து தரேன்.”

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காடியை எடுத்தார்.

மேனேஜரிடம் ஐந்து நிமிஷம் கேட்டேன். “கூட்டம் குறையட்டும் அக்கா, இப்ப எப்படி லா?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அடுத்த காடி, அதற்கடுத்த காடி. சுவரில் இருந்த கேமரா திரையின் ஒரு மூலையில் இரண்டாம் நம்பர் பார்க்கிங் தெரிந்தது. வெள்ளைக் காடி அசையாமல் நின்றது. ஒவ்வொரு முறை மிச்சச் சில்லறை கொடுக்கும்போதும் அதைப் பார்த்தேன். ஒருமுறை பின்விளக்கு எரிந்தது. கையிலிருந்த குவளை நழுவிக் காலெல்லாம் கோலா. விளக்கு அணைந்தது.

பதினோரு காடிகள் போன பிறகு மேனேஜர் என் முகத்தைப் பார்த்தாள். உருளைக்கிழங்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். “அங்க நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. போங்க அக்கா.”

ஆறிப்போன பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் கண்ணாடியை இறக்கினார்.

“அன்னிக்கு ஏன் போனை எடுக்கல?”

எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வி. “லாக்கர்ல பூட்டி வைக்கணும்ணே. வேலை முடிஞ்சாத்தான் எடுக்க முடியும்.”

“பெக்டரிக்கு அடிச்சேன். அப்படி ஒரு நம்பரே இல்லன்னு சொல்லுது. காடியக் குடுத்து சுபாங் வரைக்கும் ஆளனுப்பினேன். கேட்டு பூட்டிக் கெடக்குதாம். உனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். ஒரே நாள்ல ரெண்டு பேரும்னு.”

சுபாங்குக்கு ஆள் போனது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

“இந்தக் கடைப் பேரச் சொல்லியிருந்தா, இங்க அடிச்சிருப்பேன்ல?”

“சொல்லியிருக்கணும்ணே.”

அடித்திருந்தால் இதே மேனேஜர் என்னை உடனே அனுப்பியிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். லாக்கரைக் குறை சொல்லி, கடையைக் குறை சொல்லி, எட்டு மாதமாக நான் அந்த உண்மையைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க விடாமல் செய்தது நான் சொன்ன பொய்தான். அண்ணனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் பையை வாங்கி, அதிலிருந்த காகிதக் கைக்குட்டையை உருவி நீட்டினார்.

“இன்னும் நாலு மாசத்துல அப்பா திதி வருது. லீவு கேளு. காலையிலேயே வந்துரணும்.”

“கேக்குறேண்ணே.”

“கேக்குறேன் இல்ல. வரணும்.”

கிடைத்தது. திதிக்கு முந்தின நாளே போய்விட்டேன். காலையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, காஜாங்கிலிருந்து வந்திருந்த தூரத்துச் சித்தப்பா ஒருவர் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளை எங்கே வேலை செய்கிறது என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அண்ணன் சொன்னார்: “கிள்ளான்ல, கோழிக் கடையில.” சொல்லிவிட்டுத் தேங்காயை உடைக்கப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். பந்திங்கிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே வந்தேன். ஜன்னலைத் திறந்தபோது நல்ல மழை, முதல் காடிக்குப் பையை நீட்டியதில் முழங்கை வரை நனைந்தது. துடைத்துக்கொள்ள நேரமில்லை. இரண்டாவது காடி வந்துவிட்டது.