துண்டு போட்ட ஸீட்

எண்பதுகளின் நடுவில், மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பின் கடைசி வருடம். மேலூர்க்காரன் ஒருவன் என் புராஜெக்ட் கூட்டாளி. என் அப்பாவுக்கு எழுமலையில் கடலை வியாபாரம். நான் தேறாவிட்டாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அவன் அப்பா இருமிக்கொண்டே குவாரிக்குக் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ஒரே ஒரு பையனைச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் அப்பாவைக் குவாரிக்கு விடமாட்டேன் என்று அவன் சொல்லாத நாளில்லை.

எங்கள் புரோகிராம், இரண்டு பிராசஸர் உள்ள மெஷினைப் போல நடித்துக் காட்ட வேண்டும். டிஸ்கிலிருந்து தகவல் வரும்வரை வேலைகள் தூங்கும். வந்ததும் எழுப்பி, எந்தப் பிராசஸரில் கூட்டம் குறைவோ அங்கே அனுப்ப வேண்டும். சொல்ல எவ்வளவு சுலபம்! பல வேலைகள் ஒன்றாக எழுந்தால் அத்தனையும் ஒரே பிராசஸரில் போய் விழுந்தன. இன்னொன்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் கீபோர்டைக் குத்தி, லேப் அட்டெண்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெறுத்துப்போய் ஒரு சனிக்கிழமை மதியம் அவன் ஊருக்குக் கிளம்பினோம். மேலூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு ஸீட்டில் மட்டும் ஆள் இல்லை; ஜன்னல் வழியாக யாரோ போட்ட துண்டு கிடந்தது. உட்காரப் போனேன். பக்கத்து ஸீட் அம்மா விடவில்லை. ஆளே இல்லாத இடத்துக்கு என்ன சட்டம் என்று எகிறினேன்.

“துண்டு கெடக்குல்ல? அவுக வாராக,” என்றார் அந்த அம்மா.

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டாளி சட்டென்று நிறுத்தினான். “மாப்ள, எறங்குடா.”

கல்லூரிக்குத் திரும்பும் வழியிலேயே விளக்கினான். ஒரு வேலை ஓட ஆரம்பித்த பிறகுதான் அதை அந்தப் பிராசஸரின் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் எழுந்த மற்ற வேலைகளுக்கும் அதே பிராசஸர் காலியாகத் தெரிந்தது. ஸீட்டில் துண்டு போடுகிற மாதிரி, அனுப்பும்போதே சேர்த்துவிட்டால்? சேர்த்தோம். இரண்டும் சமமாக வேலை வாங்கிக்கொண்டன. அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

யாருடைய யோசனை என்று பேராசிரியர் கேட்டார். அவனுடையது என்றேன். அந்தக் கிறுக்கனோ, “இவன் பஸ்ல சண்டை போடலைன்னா எனக்குத் தோணியிருக்காது சார்,” என்றான். அவர் சிரித்துவிட்டு அவனையே சிபாரிசு செய்தார். எனக்குக் கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அவன் பெங்களூர் போய்ச் சில மாதம் கழித்து மேலூர்ப் பக்கம் போன நான், அவன் வீட்டில் எட்டிப் பார்த்தேன். நல்ல மத்தியானம். அவன் அப்பா வெள்ளை வேட்டியில் சம்மணம் போட்டு, ஆவி பறக்கச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உக்காருப்பா, நிதானமாச் சாப்புடலாம்,” என்றார். “இப்ப நான் எங்கயும் போறதில்ல.”