நான்கு எலுமிச்சம்பழங்கள்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் நேற்று ஒரு பழைய எஸ்டேட் காருக்குப் பூஜை நடந்தது. பின்பக்கம் நீண்ட அந்த டர்போ வண்டிக்கு, புதுக் கார் விலையே கொடுத்தானாம் வாங்கிய பையன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அந்த வாசனையில் நான் இரண்டடி பின்வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கரமனை வீட்டு வாசலிலும் இப்படி ஒன்று நின்றது. துபாயிலிருந்து திரும்பியவரிடம் அப்பா வாங்கியது. ஒரே மிதியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிடும். "பறக்கற வண்டியாக்கும், ஒருநாளும் விக்கமாட்டேன்" என்பார். வெயிலில் சூடேறிய டிக்கியில் பின்கண்ணாடியைப் பார்த்து உட்காரும் உரிமை எனக்கும் தங்கைக்கும்.

ஒரு ஞாயிறு காலை, அப்பா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தூரப் பயணம் என்றால்தான் எங்கள் வீட்டில் பழம் வைப்பார்கள். கன்னியாகுமரிதான் என்று நாங்களே முடிவுசெய்து, பட்டுப்பாவாடை கட்டி ஏறிக்கொண்டோம். அப்பா டிக்கியைத் திறந்தார். பின்னால் யாரோ ஒருவர் கையில் சாவி.

"இறங்குங்கோ. வண்டிய வித்தாச்சு."

பழங்களை நசுக்கிக்கொண்டு அது போனது.

நேற்று என் பக்கத்தில் நின்ற அப்பா, விலையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவ்வளவு பெறுமாப்பா அது?"

"பெறும். அவசரப்பட்டு வித்துட்டேன், கேட்டியா."

அவர் வருத்தப்படுவதற்காக இத்தனை வருஷம் காத்திருந்தேன். விலைக்காக வருத்தப்படுகிறார்.

"அன்னிக்கு டிக்கியில யார் இருந்தா, ஞாபகம் இருக்கா?"

"டிக்கியிலயா? காலியாத்தானே குடுத்தேன்" என்றார்.